குத்துக்கல் சார் பார்க்காத பக்கம்

ஆதி மனிதன் கருங்கல்லை எப்படிச் செதுக்கினான் என்ற கவலையில் இளைத்துப் போன ஒரே குமாஸ்தா, எனக்குத் தெரிந்து, இந்த உலகத்திலேயே எங்கள் திருச்சி ஆபீஸில்தான் இருந்தார். மற்ற குமாஸ்தாக்களுக்கு இன்கிரிமென்ட் கவலை, பெண்ணுக்கு வரன் தேடும் கவலை, மூலவியாதிக் கவலை என்று நியாயமான கவலைகள் இருந்தன. இவருக்கு மட்டும், எங்காவது வயல்வெளியில் ஆள் உயரத்துக்கு மேல் தன்னந்தனியாக நிற்கிற ஒரு கல்லைக் கண்டுவிட்டால் போதும். இதை யார், எதைக் கொண்டு இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்திருப்பான் என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்காது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எங்களுக்கு அவர் குத்துக்கல் சார். அந்தப் பெயரைச் சூட்டிய பெருமை எங்கள் ஹெட் கிளார்க்கைச் சேரும். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் பளிச்சென்று திருமண்ணும் கையில் புளியோதரைச் சம்புடமுமாக டவுன் பஸ்ஸில் பாலம் தாண்டி வருவார். 'ஓய்' சேர்க்காமல் ஒரு வாக்கியம் பேச அவருக்கு வராது. நம்மவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எதிரில் ஃபைல்கள் குவிந்து கிடக்க, கையில் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட் கிளார்க் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன ஓய், ஃபைலெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு, நீர் பாட்டுக்குக் குத்துக்கல்லாட்டம் உக்காந்துண்டிருக்கீரே?"

இவர் பதறியடித்து எழுந்து நின்றார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. குத்துக்கல் உக்காராதுங்க. நிக்கும்."

ஹெட் கிளார்க் வாயடைத்துப் போனதை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். இவரோ நிறுத்துகிற வழியாக இல்லை. "படுக்க வெச்சிருந்தா அது பலகைக்கல்லுங்க. நாலு பக்கமும் பலகை நிறுத்தி மேல மூடி போட்டிருந்தா அது வேற. குத்துக்கல்லுங்கறது..." என்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை விளக்கினார். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்குத் துளிக்கூட வருத்தம் கிடையாது. ராவ் பகதூர் பட்டம் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து நடந்தார்.

நயா பைசா புதிதாக வந்து, சில்லறை கொடுக்கிறவன் வாங்குகிறவன் இரண்டு பேருமே விழித்துக்கொண்டிருந்த சமயம் அது. பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ராவுத்தர் ஒருவர் நடத்திய லாட்ஜில் அவரும் நானும் அடுத்தடுத்த அறையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகாததற்கு ஜாதகம் காரணம். அவருக்கு ஆகாததற்கு, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வந்து நமஸ்காரம் பண்ணும்போது அவர் அந்த வீட்டு வாசற்படிக் கல்லைக் குனிந்து தடவிக்கொண்டிருந்தார் என்பது காரணம்.

மலையிலிருந்து அவ்வளவு பெரிய கல்லை எப்படிப் பெயர்த்திருப்பான் என்பது அவருடைய முதல் கேள்வி. பாறை மேல் தீ மூட்டி, நன்றாகச் சூடேறியதும் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பாளம் பாளமாகக் கழன்று வரும் என்றார். சொன்னதோடு விட்டிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லாட்ஜின் கிணற்றடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். ராவுத்தர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கொட்டாங்கச்சித் தணல் புகைந்துகொண்டிருக்க, லாட்ஜின் ஒரே துவைக்கிற கல் இரண்டாகக் கிடந்தது. குத்துக்கல் சார் கையில் காலி வாளியோடு பரவசமாக நின்றுகொண்டிருந்தார்.

"யா அல்லாஹ்! என்னங்க தம்பி இது?"

"பாத்தீங்களா பாய்! கத்தியால அறுத்த மாதிரி பிளந்திருக்கு பாருங்க. ஆதி மனுஷன் மலையைப் பிளந்தது இப்படித்தான்!"

"ஆதி மனுஷன் பிளப்பான் தம்பி. அவனுக்கு ஏது துணி? என் லாட்ஜுல இருக்கிற மனுஷனுக்கெல்லாம் துணி இருக்கேப்பா. இனிமே எதுல அடிச்சுத் துவைப்பாங்க?"

குத்துக்கல் சார் இந்தக் கேள்வியை மரியாதையோடு யோசித்தார். "காவிரி பக்கத்துலதானே இருக்கு பாய்" என்றார். புதுக் கல் வரும்வரை நாங்கள் எல்லோரும் அழுக்கு மூட்டையும் கையுமாகக் காவிரிக்கு நடந்தோம். வழியெல்லாம் ஆதி மனிதனைத் திட்டினோம்.

பெயர்த்த கல்லை வடிவத்துக்குக் கொண்டுவந்தது எப்படி? இது இரண்டாவது கேள்வி. இதற்கும் அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. அந்தக் காலத்தில் இரும்பு இருந்திருக்கலாம், ஆனால் கருங்கல்லுக்கு முன்னால் அந்த இரும்பு மழுங்கிப் போயிருக்கும். ஆகவே உருண்டைக் கல்லை எடுத்துக் கல்லைக் கல்லாலேயே இடித்து இடித்து உருவாக்கினார்கள் என்பார். "உளியால செதுக்கினா கோடு விழுங்க. கல்லால இடிச்சா புள்ளி விழும். வட்டமா, சின்னச் சின்னக் குழியா, அம்மைத் தழும்பு மாதிரி."

இதை நிரூபிக்க, கொள்ளிடத்திலிருந்து பை நிறையக் கூழாங்கல் கொண்டுவந்து, உடைந்த துவைகல்லின் பாதியைத் தினமும் காலையில் இடிக்க ஆரம்பித்தார். டொக், டொக், டொக். சந்து முழுக்கக் கேட்கும். கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இடுப்பில் அம்மியோடு லாட்ஜ் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள்.

"அம்மி கொத்தறவர் உள்ள இருக்காருங்களா?"

வேறு யாராக இருந்தாலும் அவமானத்தில் குறுகிப் போயிருப்பார்கள். இவர் முகம் மலர்ந்து ஓர் அம்மியை வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் உளியைத் தொடமாட்டேன், கூழாங்கல்லால்தான் கொத்துவேன் என்று பிடிவாதம். கொத்தினார், கொத்தினார், கொத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்மிக்காரம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். "என்னங்க இது அநியாயமா இருக்கு! எங்க வீட்டுல மசாலா அரைச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? வெறும் ரசத்தை ஊத்தி ஊத்தி எங்க வீட்டுக்காரர் மூஞ்சியே மாறிப் போச்சு!" என்று அம்மியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

இந்த ஆராய்ச்சியின் புழுதி ஆபீஸ் வரைக்கும் வந்தது. ஹெட் கிளார்க் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"உளி இல்லாம கல்வேலையா? எங்க ரங்கநாதர் கோயில் மண்டபத்துல குதிரைவீரனைப் போய்ப் பாரும் ஓய். மீசை ரோமம் வரைக்கும் உளி விளையாடியிருக்கு."

"அது நேத்து செஞ்சதுங்க சார்" என்றார் குத்துக்கல் சார்.

"நேத்தா?"

"நான் சொல்றதோட ஒப்பிட்டா, நேத்துதாங்க."

ஸ்ரீரங்கத்துக்காரரிடம் போய்ச் சொல்லக்கூடிய வார்த்தையா இது! ஹெட் கிளார்க்கின் திருமண் சுருங்கி ஒரு பக்கமாகப் போயிற்று. அன்றிலிருந்து ஆபீஸ் இரண்டு கட்சியானது. புள்ளிக் கட்சியில் குத்துக்கல் சார் ஒருத்தர். கோட்டுக் கட்சியில் மற்ற எல்லோரும், ப்யூன் உட்பட. யார் எந்தக் காகிதத்தில் கோடு போட்டாலும் "உளி, உளி" என்று ஒரு குரல் வரும். பாவம், அவர் சிரித்துக்கொண்டேதான் இருப்பார். ஆனால் ஒரு நாள் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. உப்பிலியபுரத்துக்குப் பக்கத்தில், பச்சமலை அடிவாரத்தில் ஒரு வயலில் பிரமாதமான குத்துக்கல் ஒன்று நிற்பதாகவும், அதை வைத்தே நிரூபித்துக் காட்டுவதாகவும் சவால் விட்டார்.

"பேஷ்! புள்ளின்னு நிரூபிச்சுட்டீர்னா, மாசத்துக்கு ஒரு நாள் நீர் கல்லைப் பத்திப் பேசும். நாங்க அத்தனை பேரும் கையைக் கட்டிண்டு கேக்கறோம். நிரூபிக்கலைன்னா, இந்த ஆபீஸ்ல கல்லுங்கற வார்த்தையே உம்ம வாயிலேர்ந்து வரப்படாது. சம்மதமா?"

எங்களுக்கு வேடிக்கை. அவருக்கு அது வேடிக்கை இல்லை. அவர் பேசுவதை வாழ்க்கையில் யாரும் முழுசாக உட்கார்ந்து கேட்டதே கிடையாது. மாதத்துக்கு ஒரு நாள் ஓர் ஆபீஸே கேட்கும் என்றால் அவருக்கு அது மோட்சம். தோற்றாலோ, பேசுவதற்கு அவரிடம் வேறு விஷயமே இல்லை. சம்மதம் என்றார். சாட்சிக்கு என்னை அனுப்புவதென்று ஹெட் கிளார்க் தீர்மானித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துறையூர் பஸ்ஸில் தொற்றி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, வரப்பு வரப்பாக நடந்து போய்ச் சேர்ந்தோம். கல் பிரமாதமாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். சோளக் கொல்லை நடுவில் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மேலே சொரசொரவென்று மழையில் அரித்துப் போயிருந்தது. இடுப்பு உயரத்தில் மட்டும் சுற்றிலும் வழவழவென்று மினுங்கியது. அதைப் பார்த்ததும் குத்துக்கல் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தேய்ச்சிருக்காங்க சார்! இடிச்சு முடிச்சிட்டு, மணலும் தண்ணியும் போட்டு மெனக்கெட்டுத் தேய்ச்சிருக்காங்க. எத்தனை பேரோட கை பட்டிருக்கும் இதுல!" என்று அந்த வழவழப்பில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

அப்போது ஓர் எருமை வந்தது. நிதானமாக வந்து, அவரை ஓர் இடி இடித்து நகர்த்திவிட்டு, அதே இடத்தில் தன் விலாவை வைத்து வரட்டு வரட்டென்று தேய்த்துக்கொண்டது. கண்ணை மூடி அனுபவித்துத் தேய்த்தது. பிறகு மறுபக்கம் திரும்பி அந்த விலாவையும் தேய்த்தது.

வயல்காரர் தூரத்திலிருந்து கத்தினார். "நகந்துக்கங்க சார்! தெனமும் அது தேய்க்கிற எடம். குறுக்கால நின்னா முட்டிப்புடும்!"

குத்துக்கல் சார் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எருமையையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்கதானா?" என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவு வருத்தத்திலும் எருமைக்கு மரியாதை குறையவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அவர் சீக்கிரம் தேறிவிட்டார். வெளியே தெரிகிற கல்லை மழையும் எருமையும் அழித்துவிட்டன, சரி. மண்ணுக்குள் புதைந்திருக்கிற பாகத்தை யாரும் தொட்டிருக்க முடியாதே? புள்ளியோ கோடோ, அங்கே அன்றைக்கு வைத்தபடியே இருக்குமே? இதை வயல்காரரிடம் சொன்னதும் அவர் சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னார். ஓடைப் பாலம் கட்டுகிற கான்ட்ராக்டர் இந்தக் கல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து பிடுங்கப் போகிறார்களாம். "அப்ப வந்தீங்கன்னா அடி முழுக்கப் பாத்துக்கலாம்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் குத்துக்கல் சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாதம் ஒரு நாள் என்னென்ன பேசலாம் என்று வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது கடப்பாரை, மண்வெட்டியோடு ஆட்கள் கல்லைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். குத்துக்கல் சார் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் தோண்டினால் தெரிந்துவிடும். பேச்சுவாக்கில் ஓர் ஆளிடம் கேட்டார்.

"பிடுங்கி, பாலத்துல எங்க நிறுத்துவீங்க?"

"நிறுத்தறதா? ஒடச்சு ஜல்லி போடறதுதாங்க."

அவர் கல்லை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். எழுந்து போய், வேப்பமரத்தடியில் நின்ற வயல்காரரிடம் ஏதோ கேட்டார். வயல்காரர் தலையைச் சொறிந்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. ஏர் ஓட்ட எடைஞ்சல்னு எடுக்கச் சொன்னேன். எங்க அப்பாரு காலத்துலேர்ந்து நிக்குதேன்னும் தோணுது. நீங்க படிச்சவங்க, இதுக்குன்னே மெனக்கெட்டு வந்திருக்கீங்க. நீங்களே சொல்லுங்க. எடுக்கட்டுமா, வேணாமா?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடு என்றால் அவருடைய பதில் கிடைத்துவிடும், ஆபீஸ் கை கட்டிக் கேட்கும், சாயங்காலத்துக்குள் கல் ஜல்லியாகிவிடும். வேண்டாம் என்றால் கல் நிற்கும், இவர் வாய் மூடிவிடும். மனுஷன் வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

"மாடு எங்க போய்த் தேய்ச்சுக்குங்க?" என்றார் கடைசியில்.

"என்னங்க?"

"கல்லை எடுத்துட்டா, எருமை எங்க போகும்? வேணாங்க. மூடச் சொல்லுங்க."

வயல்காரருக்கு இது நியாயமாகப் பட்டது. மூடச் சொல்லிக் குரல் கொடுத்தார். அதே நேரம் குழிக்குள்ளிருந்த ஆள், "சார், இந்தா தெரியுது, வந்து பாருங்க!" என்று ஈரச் சாக்கால் கல்லைத் துடைத்துக் காட்டினான். குத்துக்கல் சார் சட்டென்று பச்சமலைப் பக்கம் திரும்பி நின்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "நான் பாக்கலை! நான் பாக்கலை! மூடுங்க, சீக்கிரம் மூடுங்க!" என்று கத்தினார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையில் தட்டிக் காட்டிக்கொண்டார்கள். ஒரு கணம் பார்த்துவிட்டால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுவிடுவோம் என்று அவருக்கு அவரைப் பற்றித் தெரியும்.

நான் பார்த்தேன். சாட்சி இல்லையா? ஈரத்தில் பளபளத்த அந்தக் கல்லில் கோடு ஒன்றுகூட இல்லை. நெருக்க நெருக்கமாக, வட்ட வட்டமாகப் புள்ளிகள். அசல் அம்மைத் தழும்பு. அதற்குள் மண் விழுந்து மூடிவிட்டது.

பஸ்ஸில் வெகு தூரம் வந்த பிறகு கேட்டார்.

"நீங்க பாத்தீங்களா சார்?"

"பாத்தேன் சார். அது வந்து..."

"ஐயையோ, வேணாம், சொல்லாதீங்க! தெரிஞ்சுதுன்னா எனக்கு நிரூபிக்கத் தோணும். நிரூபிக்கணும்னா தோண்டணும். தோண்டினா ஜல்லிதான். எங்கிட்ட மட்டும் இல்ல, ஆபீஸ்லயும் சொல்லிடாதீங்க."

மறுநாள் ஹெட் கிளார்க் காத்துக்கொண்டிருந்தார். "என்ன ஓய், புள்ளியா, கோடா?" "தெரியாதுங்க சார், பாக்கலை" என்றார் இவர். ஹெட் கிளார்க் என் பக்கம் திரும்பினார். "சாட்சி, நீர் சொல்லும்." கண்ணில் மண் விழுந்துவிட்டது என்றேன். ஆபீஸே கொல்லென்று சிரித்தது. சொல்லத் துடித்த நாக்கை நான் அடக்கிய பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று முதல் அவர் வாக்குத் தவறவில்லை. தவறாததுதான் பெரிய கூத்து. கல்லணை 'கரிகாலன் கட்டின அணை' ஆனது. கல்யாணப் பத்திரிகை 'விவாகப் பத்திரிகை' ஆனது. கல்கத்தாவுக்குப் போகிற கடிதத்தை 'வங்காளத்துக்கு' என்று சொல்லி ப்யூனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் கல் இருக்கிறதே! மத்தியானச் சாப்பாட்டில் ஒரு நாள் 'கடக்'கென்று சத்தம் கேட்டது. "என்ன சார்?" என்றோம். "சாதத்துல... கெட்டியா ஒண்ணு" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எங்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. போகப் போக அவர் உட்கார்ந்திருந்த மூலை ரொம்ப அமைதியாக இருப்பதாகப் பட்டது.

அந்தச் சமயத்தில் ஹெட் கிளார்க்குக்குச் சிறுநீரகத்தில் கல் வந்துவிட்டது. நாங்கள் ஸ்ரீரங்கத்துக்குப் பார்க்கப் போனோம். மனிதர் வலியில் துடித்துக்கொண்டிருந்தார். குத்துக்கல் சார் மெதுவாக, "உங்களுக்கு... அது... வந்திருக்காமே?" என்றார்.

"சொல்லித் தொலையும் ஓய்! கல்லு! கல்லுதான்! உம்ம வாயை அடைச்சேன் இல்லையா, பெருமாள் எனக்கு உள்ளேயே வெச்சுட்டார். அடியேன் வாபஸ் வாங்கிண்டேன். தாராளமாப் பேசும்!"

"வாக்கு வாக்குதாங்க சார்" என்றார் இவர்.

அந்தக் கல் வெளியே வந்ததும் ஹெட் கிளார்க் அதை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஆபீஸுக்கே கொண்டுவந்துவிட்டார். நேராக இவர் மேஜையில் வைத்தார். "பாரும் ஓய். புள்ளியா, கோடா?" இவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வந்த தபால்களையெல்லாம் மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "புள்ளி புள்ளியாத்தாங்க இருக்கு" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அப்போதும் அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து அவரை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணலும் கடலும். இதைவிடக் கொடுமையான மாற்றல் உத்தரவை எந்த மேலதிகாரியாலும் போட்டிருக்க முடியாது. ஜங்ஷனில் வழியனுப்பப் போனவன் நான் ஒருத்தன்தான். ரயில் புறப்பட மணி அடித்ததும் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க சார். இனிமே நான் அந்தப் பக்கமே வரப் போறதில்லை. தோண்ட மாட்டேன். என்ன பாத்தீங்க?"

எத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தேன்! "புள்ளி சார்! நீங்க சொன்ன மாதிரியே, அம்மைத் தழும்பு மாதிரி, நெருக்கமா! ஒரு கோடு கிடையாது!"

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"உங்களுக்கு நல்ல மனசு சார். புள்ளியா இருந்திருந்தா நீங்க இத்தனை வருஷம் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருப்பீங்களா? கோடுதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பரவாயில்லை. கேக்க நல்லா இருக்கு."

ரயில் நகர்ந்துவிட்டது. "ஐயோ, நிஜமா புள்ளிதான் சார்! சத்தியமா!" என்று பிளாட்பாரம் முடிகிறவரை கத்திக்கொண்டே ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. எந்த ஊரில் இருக்கிறாரோ, இந்தப் பத்திரிகை அங்கே வருகிறதோ என்னவோ. வந்தால், சார், இதைக் கேளுங்கள். உங்களுக்காக ஒரு பொய் சொல்ல நான் கொஞ்சமும் தயங்கியிருக்க மாட்டேன். அன்றைக்கு அதற்கு அவசியமே இருக்கவில்லை.